அம்மாவின் அட்டியலை உருக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

தை பிறக்கப்போகிறது என்றால் எங்கள் ஊர்களில் கலியாணப் பேச்சும் தொடங்கிவிடும். கூடவே நகை பற்றிய கடிதங்களும் இந்தப் பகுதிக்கு வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதற் கடிதம் என்னை இரண்டு நாட்கள் யோசிக்க வைத்தது என்பதால் அதற்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: அம்மா காலமாகி இரண்டு வருடங்களாகின்றன. அவருடைய சிவப்புக்கல் அட்டியல் என்னிடம் இருக்கிறது. தையில் மகளுக்குத் திருமணம். அட்டியல் பழைய பாணி என்று மகள் சொல்கிறாள். உருக்கிப் புதிதாகச் செய்யலாம் என்று நகைக்கடையில் சொல்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவோ, “அதை உருக்கினால் உன்னோடு கதைக்கமாட்டேன்” என்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகி, கொக்குவில்

பதில்: என்னைக் கேட்டால், உருக்க வேண்டாம் சகோதரி. ஆனால் உருக்கச் சொல்பவர்கள் கணக்கைக் காட்டித்தான் சொல்கிறார்கள் என்பதால் முதலில் அந்தக் கணக்கையே பார்ப்போம். பழைய கல் அட்டியலைத் தராசில் வைத்தால் காட்டும் எடை முழுவதும் தங்கத்தின் எடை அன்று. கற்களின் எடை, கல் அசையாதிருக்கக் கூட்டுக்குள் நிரப்பிய அரக்கின் எடை ஆகியன கழிய மிஞ்சுவதே தங்கம். அதிலும் இணைப்புகளை ஒட்டவைக்க உருக்கி ஊதிய பற்றாசு என்ற கலப்பு உலோகம் இருக்கிறது. அது நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும் என்பதால் அதில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். ஆகவே 22 கரட் தகட்டால் செய்த நகையை உருக்கினாலும் வரும் கட்டி 22 கரட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. புதிய நகைக்குச் செய்கூலியும் சேதாரமும் தனி. நான்கு பவுண், அதாவது 32 கிராம், என்று எண்ணிக் கொடுத்த அட்டியல் மூன்று பவுணுக்கும் குறைந்த புதுச் சங்கிலியாகத் திரும்பி வருவது நடக்கக்கூடியதே. கற்களுக்குப் பெரும்பாலும் யாரும் விலை போடுவதில்லை.

இனி, அட்டியலைப் புரட்டி அதன் பின்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முன்புறம் அதைச் செய்த பத்தருடைய கைத்திறனைக் காட்டும். பின்புறம் அதை அணிந்தவரைக் காட்டும். கழுத்தில் பட்டுப் பட்டுத் தகடு வழவழப்பாகியிருக்கும். கொளுக்கியின் உள்வளைவு தேய்ந்து மெலிந்திருக்கும். எங்காவது ஓரிடத்தில் சற்று வேறு நிறத் தங்கத்தால் ஒட்டுப் போட்டிருந்தால், அந்த ஒட்டு எப்போது, எதனால் போடப்பட்டது என்று உங்கள் அக்காவுக்குத் தெரிந்திருக்கலாம். அவரிடம் கேளுங்கள்.

என்னிடம் அம்மாவின் காப்பு ஒன்று இருக்கிறது. சோடியாக இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமமே இடம்பெயர்ந்து எழுந்து நடந்த இரவில், அம்மா அந்த இரண்டையும் பழைய சேலைத் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். சாவகச்சேரியில் இருந்த மாதங்களில் அரிசிக்கும் மருந்துக்குமாக ஒன்று விலைப்பட்டது. மிஞ்சிய காப்பின் ஒரு பக்க விளிம்பு, மற்றப் பக்கத்தைப்போல் உருண்டையாக இல்லாமல் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. முப்பது வருடங்களாக அதன் சோடி உரசிய இடம் அது. சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் கொளுவி திருத்தக் கொடுத்தபோது, “இந்தத் தேய்மானத்தையும் சீராக்கி மெருகு போட்டுத் தருகிறோம்” என்றார்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். நான் காப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். விற்றுப்போன காப்பின் சுவடாக எங்களிடம் இருப்பது அந்தத் தட்டை விளிம்பு மட்டுமே.

உருக்குவதே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் கலியாணமே பொன்னுருக்கலில்தான் தொடங்குகிறது. நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, தாலிக்குரிய பொன்னை உருக்குவதைப் பெரியவர்கள் எல்லோரும் நின்று பார்க்கிறோம். உருக்குவதற்கென்று வீட்டில் வேறு தங்கம் இருக்கும்: சோடி தொலைந்த தோடு, அறுந்த சங்கிலித் துண்டு, நசுங்கிய மோதிரம். மகளுக்குப் புதுநகை வேண்டுமென்றால் அவற்றைச் சேர்த்துச் செய்யுங்கள். அட்டியலைப் பொறுத்தவரை, கற்கூட்டில் கைவைக்காமல் கொளுக்கியை மட்டும் புதிதாக்கலாம். பக்கச் சரங்களைக் கழற்றி நடுப் பதக்கத்தை மெல்லிய சங்கிலியில் கோத்துக் கொடுத்தால் இன்றைய பிள்ளைகள் விரும்பி அணிகிறார்கள். கழற்றிய சரங்களை எறியாமல் அதே பெட்டியில் வைத்துவிடுங்கள். பின்னொரு காலத்தில் யாராவது மீண்டும் சேர்க்கக்கூடும். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக் கடைகளிலும் கன்னாதிட்டிப் பக்கத்திலும் இப்படியான பழைய வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. தேடிப் பிடித்து அவர்களிடமே கொடுங்கள்.

அக்காவின் கோபத்தையும் சிறிதாக எண்ண வேண்டாம். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சியின்போது எழுத்தில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே சீதனத்துக்குப் பெரிய இடம் உண்டு. தாயின் உடைமை மகளுக்குப் போவது எங்கள் ஊரில் அவ்வளவு பழைய வழக்கம். அந்த அட்டியலில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்று அவர் நினைப்பது நியாயம்தான். கலியாணத்தன்று அதை அணியச் செய்து, படத்தை முதலில் அவருக்கு அனுப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. இப்படிப் பின்புறம் மூடிய கூட்டில் பதித்த கற்களின் அடியில் பளபளப்புக்காக மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். ஈரம் உள்ளே போனால் அந்தத் தகடு கறுத்து, கல் உயிரற்றுப் போகும்; வெந்நீர் பட்டால் அரக்கும் இளகும். ஆகவே கலியாணத்துக்கு முன் துலக்குகிறேன் என்று அட்டியலைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

கேள்வி: வீடு வீடாக வந்து நகைக்கு மெருகு போட்டுத் தருகிறவர்களிடம் என் சங்கிலியைக் கொடுத்தேன். புதிதுபோல் மின்னியது, ஆனால் பிறகு நிறுத்துப் பார்த்தபோது எடை குறைந்திருந்தது. மெருகு போட்டால் எடை குறையுமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். நைத்திரிக்கமிலமும் ஐதரோக்குளோரிக்கமிலமும் கலந்த கலவைக்கு இராச நீர் என்று பெயர். தனித்தனியாகத் தங்கத்தை அசைக்க முடியாத இந்த இரு அமிலங்களும் ஒன்றுசேர்ந்தால் அதைக் கரைத்துவிடும். அதில் தோய்த்தெடுத்த நகையின் மேற்பரப்பு கரைந்து புதிதாக மின்னும், கரைந்த தங்கம் அவர்களுடைய பாத்திரத்தில் தங்கிவிடும். கண்முன்னே நடந்தாலும் எங்களுக்குத் தெரியாது. கடையில் பொறியில் மெருகு போட்டாலும் சிறிதளவு தங்கம் தேயத்தான் செய்யும். ஆகவே அதையும் வருடந்தோறும் செய்யாதீர்கள். கொடுப்பதற்கு முன்னும் வாங்கிய பின்னும் எடை பார்ப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கல் இல்லாத தங்க நகைக்கு வீட்டுப் பராமரிப்பே போதுமானது. ஒரு கிண்ணத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து, மென்மையான சவர்க்காரம் சிறிது கரைத்து, நகையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, குழந்தைகளுக்கான பற்தூரிகையால் கண்ணிகளுக்கிடையில் மெதுவாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசித் துணியில் உலரவிடுங்கள். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் நல்லது; எங்கள் அம்மம்மா அதைத்தான் பயன்படுத்தினார். கிணற்றடியில் வைத்து மட்டும் கழுவ வேண்டாம். கிணற்றுக்கு குளோரின் இட்ட நாட்களில் நகையைக் கழற்றிவைத்துவிட்டுக் குளியுங்கள். 22 கரட் தங்கத்தில் ஆயிரத்தில் 916 பங்குதான் தங்கம், எஞ்சிய செம்பையும் வெள்ளியையும் குளோரின் தாக்கும், முக்கியமாகப் பற்றாசு வைத்த இடங்களில்.

கேள்வி: வெள்ளிக் கொலுசு பெட்டிக்குள் இருந்தபடியே கறுத்துவிடுகிறது. ஏன்?
– வாசகர், மானிப்பாய்

பதில்: காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகள் வெள்ளியுடன் சேர்வதால் வரும் கறுப்பு அது, மாரிகாலத்து ஈரம் அதை விரைவுபடுத்தும். பொலித்தீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, ஒரு துண்டு வெண்கட்டியையும் போட்டுக் கட்டிவைத்தால் நீண்ட நாள் தாங்கும். இறப்பர் வளையத்தால் கட்டாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு. மெல்லிய கறுப்புக்குத் திருநீறு போதும்.

கேள்வி: மாமியார் எனக்குத் தந்த மன்னார் முத்துமாலை மஞ்சளித்து, கோத்த நூலும் தளர்ந்திருக்கிறது. எலுமிச்சம்புளி விட்டுக் கழுவினால் வெண்மையாகும் என்கிறார்கள்.
– வாசகி, நெல்லியடி

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். முத்து கல்லன்று, சிப்பியின் உடலில் படலம் படலமாகப் படிந்த கல்சியம் காபனேற்று அது. புளிப்பு எதுவானாலும் அதைக் கரைக்கும், கரைந்த படலம் திரும்பி வராது. வாசனைத் திரவியமும் வியர்வையும்கூட மெல்ல மெல்ல அதே வேலையைச் செய்யும். ஆகவே உடுத்தி, பவுடர் பூசி, எல்லாம் முடிந்த பிறகே மாலையை அணியுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைக் கழற்றி, சற்று ஈரமான துணியால் ஒவ்வொரு முத்தாகத் துடைத்து, மேசையில் கிடத்தி உலரவிடுங்கள். தொங்கவிட்டால் நூல் நீளும். நூலைப் பட்டு நூலாக மாற்றி, ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சிட்டுக் கோக்கச் சொல்லுங்கள். அறுந்தாலும் ஒரு முத்துக்குமேல் சிதறாது. வைர நகை வைத்திருக்கும் பெட்டியில் போட வேண்டாம். கடினத்தன்மையின் அளவுகோலில் வைரம் 10, நீலக்கல் 9, முத்து 5க்கும் கீழே. பக்கத்தில் கிடந்தாலே கீறிவிடும்.

மஞ்சளிப்பை நீக்க வழியில்லை. அது முத்துக்கு வரும் வயது. அந்த மஞ்சள் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: கணவர் இறந்து ஒன்பது வருடங்கள். அன்று கழற்றிய பதினொரு பவுண் தாலிக்கொடி அலுமாரியில் துணியில் சுற்றியபடி இருக்கிறது. விற்று வீட்டைத் திருத்தலாம் என்று மகன் சொல்கிறான். மருமகளுக்குக் கொடுக்கலாமா என்றும் நினைக்கிறேன். எடுத்துப் பார்க்கவே கை வருவதில்லை.
– வாசகி, வட்டுக்கோட்டை

பதில்: அம்மா, அது உங்களுடையது. விற்பதா, கொடுப்பதா, வைத்திருப்பதா என்பதை உங்கள் மனம் சொல்லும் நாளில் நீங்கள் தீர்மானித்தால் போதும். வேறு யாருடைய அவசரத்துக்கும் இடங்கொடுக்க வேண்டியதில்லை. தாலியைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, கொடியை மட்டும் இரண்டு காப்பாகவோ சங்கிலியாகவோ செய்து பேத்திக்குக் கொடுத்தவர்களை நான் அறிவேன். ஒன்றுமே செய்யாமல் கடைசிவரை வைத்திருந்தவர்களையும் அறிவேன். இரண்டும் சரியே.

ஆனால் அலுமாரியில் வைத்திருப்பது பாதுகாப்பன்று. வங்கிப் பெட்டகத்தில் வைப்பதற்கு முன் நல்ல தராசில் எடை பார்த்து, முன்னும் பின்னுமாகப் படம் எடுத்து, யார் செய்த கொடி, எந்த வருடம், எத்தனை முறை அடைவுக்குப் போய் மீண்டு வந்தது என்று ஒரு கடதாசியில் உங்கள் கையாலேயே எழுதி அதனுடன் வையுங்கள். பேத்தி ஒருநாள் அதைத் திறக்கும்போது சொல்ல நாங்கள் இருக்கமாட்டோம்.

கண்ணிகளுக்குள் பழைய மஞ்சள் படிந்திருக்கிறதே, கழுவித்தான் வைக்க வேண்டுமா என்றும் கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை அம்மா. மஞ்சள் தங்கத்துக்கு எந்தத் தீங்கும் செய்யாது; அப்படியே இருக்கட்டும்.