தாராளமா, வீரமா?

கேள்வி: ரீச்சர், நான் உயர்தரம் படிக்கிறேன். 'மக்னானிமஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என் அகராதியில் 'தாராள மனமுள்ள' என்று இருக்கிறது. அப்பப்பாவின் பழைய அகராதியில் 'வீரமுள்ள' என்றும் போட்டிருக்கிறது. எது சரி?
– வாசகி, நிலாவெளி

பதில்: இரண்டும் சரி, பிள்ளை. அப்பப்பாவின் அகராதியைப் பத்திரமாக வைத்திரும்.

இலத்தீனில் 'மக்னுஸ்' என்றால் பெரிய. 'அனிமுஸ்' என்றால் உயிர், மனம், துணிவு. கிரேக்கத்தில் காற்றைக் குறிக்கும் 'அனெமோஸ்', நாங்கள் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட 'அனிலம்' எல்லாம் இந்த அனிமுஸுக்குச் சொந்தக்காரர்தான். மூச்சுத்தான் மூலப் பொருள். 'மகாத்மா' என்ற சொல்லின் கட்டும் இதேதான்.

இலத்தீன்காரர் இதைக் கிரேக்கச் சொல் ஒன்றைப் பார்த்து அமைத்தார்கள். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு உரியவனைப் பற்றி அரிஸ்டாட்டில் நிறையச் சொல்கிறார். பெரிய ஆபத்து வந்தால் அவன் உயிரைப் பொருட்படுத்தமாட்டான். தனக்குச் செய்த தீங்கை மனதில் வைத்திருக்கவும் மாட்டான். உம்முடைய இரண்டு அகராதிகளும் இந்த ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் இந்தச் சொல்லுக்குப் 'பெருந்துணிவு' என்றே பொருள் சொன்னார். மன்னிக்கும் மனம் என்ற பொருள் பிறகுதான் முன்னுக்கு வந்தது.

வள்ளுவர் இதைப் படைச்செருக்கில் வைத்தது எனக்கு எப்போதும் வியப்பு. 'பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு.' அஞ்சாமைதான் வீரம். ஆனால் பகைவனுக்கு ஓர் இடர் வந்தால் உதவுவது அந்த வீரத்தின் கூர்.

நான் அதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆறாம் வகுப்புப் படித்த காலம். கரைவலைப் பாடு, அதாவது கரையில் வலை இழுக்கும் இடம், காரணமாக அப்பாவுக்கும் பக்கத்துச் சம்மாட்டி (வலைச் சொந்தக்காரர்) ஒருவருக்கும் இரண்டு வருடம் பேச்சில்லை. ஒருநாள் கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. கச்சான் எங்கள் கரையில் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. இயந்திரம் நின்றுபோனால் படகு வெளியேதான் போகும். அப்பாவின் படகு அப்படித்தான் போனது. அந்தச் சம்மாட்டி தன் வலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், இருட்டுப்படும் நேரத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அம்மா அழுதுகொண்டே தேத்தண்ணீர் கொடுத்தா. நின்றபடியே குடித்தார். பாடு பற்றி ஒரு சொல் இல்லை. அன்று அவருடைய வலையில் பட்ட மீனெல்லாம் போய்விட்டது என்று அடுத்த நாள்தான் எங்களுக்குத் தெரியும்.

சரி, பரீட்சைக்கு வருவோம். கோயிலுக்குக் காசு கொடுத்தவரை 'ஜெனரஸ்' என்று எழுதும். வென்றவர் தோற்றவரிடம், அல்லது தீங்குபட்டவர் தீங்கு செய்தவரிடம் பெரிய மனதோடு நடந்தால் அங்கே 'மக்னானிமஸ்' போடும். தமிழில் எழுத 'பெருந்தன்மை' போதும். எதிர்ச்சொல் 'பியூசிலானிமஸ்'. அதிலும் அதே அனிமுஸ்தான், ஆனால் மிகச் சிறியது, பொருள் கோழை.