கேளுங்கள், சொல்கிறேன்: ரோலர் கோஸ்டரில் ஏறும் முன்

ரோலர் கோஸ்டர் மேடையில் பல வருடம் ஆபரேட்டராக நின்று, ஏறியவர்களைச் சீட்டோடு பிடித்து வைக்கும் பாதுகாப்புக் கம்பியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து அனுப்பியவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

முதல் தடவையாகத் தோழிகளோடு ரோலர் கோஸ்டரில் ஏறப்போகிறேன். என்ன உடுத்தினால் வசதி? நான் கண்ணாடி போடுகிறவள். – ஒரு கல்லூரி மாணவி

காலில் இருந்து ஆரம்பிக்கிறேன். பின்பக்கம் பட்டை இல்லாத செருப்பு வேண்டாம். கால் அந்தரத்தில் தொங்கும் வகை ரைடுகளில் செருப்பு கழன்றால், கீழே நடந்து போகிறவர் தலையில்தான் விழும். சில ரைடுகளில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரச் சொல்வார்கள், சிலவற்றில் வெறுங்காலோடு ஏறவே விடமாட்டார்கள். லேஸ் கட்டிய ஷூ போட்டு வந்தால் இந்தப் பேச்சே இல்லை.

பேன்ட்டோ லெக்கிங்ஸோ சரி. பல ரைடுகளில் சீட்டின் நடுவே இரண்டு தொடைக்கும் இடையில் ஒரு மேடு இருக்கும். நீளப் பாவாடையோடு அதில் உட்கார்ந்தால் துணி எல்லாம் மடியில் சுருண்டு, கம்பி தொடையில் படியாமல் துணி மேல் நிற்கும். குளிருக்குப் போடும் உப்பலான ஜாக்கெட்டிலும் இதே தொல்லைதான். பூட்டும்போது இறுக்கமாகத் தெரியும், ஓட ஆரம்பித்ததும் பஞ்சு அமுங்கி இடைவெளி விழும். துப்பட்டா, ஸ்கார்ஃப் எதுவானாலும் கழற்றிப் பையில் வையுங்கள். "பின் குத்தியிருக்கேன் சார்" என்று மேடையில் தினமும் கேட்பேன். அந்தக் காற்றுக்கு ஒரு பின் எந்த மூலைக்கு?

தலைமுடியைத் தாழ்வாகப் பின்னிச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள். உச்சியில் கொண்டை போட்டாலோ, பின்னந்தலையில் பெரிய கிளிப் மாட்டினாலோ தலை சாய்மானத்தில் ஒட்டாது. ஒட்டாத தலை ஒவ்வொரு குலுக்கலுக்கும் போய் இடித்துக்கொண்டு வரும். தோளுக்கு மேல் இறங்கும் பூட்டு உள்ள ரைடு என்றால் தோட்டையும் கழற்றிவிடுங்கள். காதுக்கும் அந்தப் பூட்டுக்கும் நடுவில் தோடு மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

கண்ணாடிக்குத் தலையைச் சுற்றிப் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டை கிடைக்கும். அந்த ரைடில் அதற்கு அனுமதி இருந்தால் போட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் ஜிப் வைத்த பைக்குள் வைத்துவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டால் கண் காய்ந்துபோகும், அடிக்கடி இமைக்க வேண்டும். அபுதாபியில் மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் போகும் ஃபார்முலா ரோஸா என்ற கோஸ்டரில் ஏறுகிறவர்களுக்குப் பூங்காக்காரர்களே காற்றைத் தடுக்கும் கண்ணாடி கொடுக்கிறார்கள்.

கடைசியாக மொபைல். நான் வேலை பார்த்த இடத்தில் தடத்துக்கு அடியில் வலை கட்டியிருந்தோம். அதில் விழாத பொருள் கிடையாது: மொபைல், வண்டிச் சாவி, ஒரு முறை பல்செட் கூட. பின்பாக்கெட்டில் வைத்தது மேட்டில் உடம்பு எழும்பும்போது நழுவிவிடும். முன்பாக்கெட்டில் வைத்தால் கம்பி அதன் மேல் உட்காரும். லாக்கரில் வையுங்கள். விழுந்துவிட்டால் ஊழியரிடம் சொல்லுங்கள், நீங்களாக வேலி தாண்டாதீர்கள். 2015-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒருவர் விழுந்த பொருளை எடுக்க வேலிக்குள் போய், ஓடிவந்த ரயில் அடித்து இறந்தார்.

பையனுக்கு ஒன்பது வயது. எழுதிப் போட்டிருக்கும் உயரத்துக்கு ஒரு விரல்கடை குறைகிறான். பயமே கிடையாது அவனுக்கு. தடித்த அடி வைத்த ஷூ போட்டுக் கூட்டிப்போனால் தப்பா? – ஒரு அப்பா

தப்பு. அந்தக் கோடு தைரியத்தை அளக்கப் போட்டதில்லை. மேட்டின் உச்சியைத் தாண்டும்போது உடம்பு சீட்டை விட்டு மேலே எழும்பும். அப்போது பிடித்து நிறுத்துவது தொடையின் மேல், இடுப்பை ஒட்டி அமர்ந்திருக்கும் அந்தக் கம்பிதான். கையால் பற்றிக்கொள்வதெல்லாம் மனசுக்குத் தெம்பு, அவ்வளவே. முதுகு சாய்மானத்தில் படிந்து, கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டுமானால் உடம்புக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வேண்டும். அதைக் கணக்குப் போட்டுத்தான் சின்ன ரைடுகளுக்கு ஒரு மீட்டரை ஒட்டியும், பெரியவற்றுக்கு 120 முதல் 140 செ.மீ. வரையும் வைக்கிறார்கள். ஷூவின் அடி தடித்தால் தொடை வளராது.

ஒன்று செய்யுங்கள். வரிசையில் நிற்கும் முன்பே வாசலில் உள்ள அளவுப் பலகையில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். ஒரு மணி நேரம் காத்திருந்து மேடை வரை வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலையிலேயே எனக்குப் பிடிக்காத பகுதி. அழுகிற பிள்ளையைவிட, வாதாடுகிற அப்பாக்கள் கஷ்டம். பருமனான பெரியவர்களுக்கும் இதையே சொல்வேன்: பல ரைடுகளின் வாசலில் மாதிரி சீட் ஒன்று வைத்திருப்பார்கள், உட்கார்ந்து பூட்டிப் பார்த்துவிட்டு வரிசைக்குப் போங்கள்.

முன்னால் உட்கார்ந்தால் பயமா, பின்னால் உட்கார்ந்தால் பயமா? – நண்பர்களோடு பந்தயம் கட்டிய ஒருவர்

முன்சீட்டில் கண்ணுக்குப் பயம், பின்சீட்டில் வயிற்றுக்குப் பயம். முதல் பெட்டி உச்சியைத் தாண்டும்போது ரயிலின் பெரும்பகுதி இன்னும் ஏறிக்கொண்டிருப்பதால் அது அங்கே மெதுவாகத் தொங்கி நிற்கும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும் நேரத்தில் முன்பாதி இறக்கத்தில் பாய்ந்துகொண்டிருக்கும், உங்களை அப்படியே இழுத்துக்கொண்டு போகும்.

இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவின் பிக் தண்டர் மவுன்டன் ரைடில், நிஜச் சிறுநீரகக் கற்கள் போட்ட சிறுநீரக மாதிரி ஒன்றை ஆராய்ச்சியாளர்கள் பையில் வைத்துப் பலமுறை சவாரி செய்தார்கள். 2016-ல் வெளியான முடிவின்படி பின்சீட்டில் கல் வெளியேறியது சுமார் 64 சதவீதம், முன்சீட்டில் சுமார் 17 சதவீதம். 2018-ல் இதற்கு, சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் கிடைத்தது. இதைப் படித்துவிட்டுக் கல் உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கக் கிளம்ப வேண்டாம். நகர்ந்த கல் பாதி வழியில் அடைத்துக்கொண்டால் வரும் வலிக்கு இந்த ரைடெல்லாம் ஒன்றுமே இல்லை.

புதிதாக ஏறுகிறவர் நடுப்பெட்டியில் உட்காருங்கள்.

கண்ணை மூடிக்கொண்டால் பயம் குறையுமா?

குறையாது, குமட்டல்தான் கூடும். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று கண் சொன்னால்தான் கழுத்து முன்கூட்டியே தயாராகும். தலையைச் சாய்மானத்தில் ஒட்டி வைத்து, தடத்தைப் பார்த்துக்கொண்டே போங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடும் ஏறாதீர்கள், காலி வயிற்றோடும் ஏறாதீர்கள்.

ஏறிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றுவிட்டால் பின்னாடி உருண்டு வந்துவிடாதா? – ஒரு பள்ளி மாணவர்

வராது தம்பி. சங்கிலி இழுக்கும் ஏற்றத்தில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்குமே, அது பெட்டிக்கு அடியில் உள்ள கொக்கி, தடத்தில் உள்ள பல் ஒவ்வொன்றிலும் விழுந்து எழும் சத்தம். சங்கிலியே அறுந்தாலும் அந்தக் கொக்கி கடைசியாகத் தாண்டிய பல்லில் மாட்டி நின்றுவிடும். தடத்தையும் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள், ஒரு பகுதியில் ஒரு ரயிலுக்குத்தான் இடம். முன்னால் போன ரயில் தன் பகுதியை விட்டுப் போகவில்லை என்றால் பின்னால் வருவது தானாக நிற்கும். ஆகவே நின்றுவிட்டது என்றால் பெரும்பாலும் பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்கிறது என்றே அர்த்தம். கம்பியை நீங்களாகத் தூக்கப் பார்க்காதீர்கள். பக்கத்திலேயே படிக்கட்டு இருக்கும், ஊழியர் வந்து வரிசை வரிசையாக இறக்கிவிடுவார்.

எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. மருமகள் மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். மெதுவான ரைடாவது ஏறலாமா? – ஒரு வாசகி

மருமகள் வேண்டாம் அம்மா. மெதுவானதாகத் தெரியும் கோஸ்டரிலும் திடீர் நிறுத்தமும் வயிற்றில் கம்பி அழுத்துவதும் உண்டு. நீங்கள் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்காமல் ஏறாதீர்கள். இதயக் கோளாறு, கழுத்து, முதுகுத் தொந்தரவு, வலிப்பு, சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யாராக இருந்தாலும் இதுதான் பதில். மேடையில் நிற்கும் ஆபரேட்டரிடம் கேட்டுப் பயனில்லை. எங்களுக்குக் கம்பியைப் பார்க்கத் தெரியும், உங்கள் நாடியைப் பார்க்கத் தெரியாது. ஏறாதவர் ஒருவர் கீழே இருந்தால் வீட்டுக்கே நல்லது, அந்த லாக்கர் சாவியையும் யாராவது வைத்திருக்க வேண்டுமே.