வலிக்காமல் வீங்கிய வலது பாதம்

கேள்வி: எனக்கு வயது 54. சத்துணவு மையத்தில் வேலை. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சிறு வயது முதலே தட்டைப் பாதம். காலையில் எழுந்ததும் குதிகால் வலிக்கிறது. முழங்காலில் சத்தம் கேட்கிறது. நடந்தால் பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது. மூன்று வாரங்களாக வலது பாதம் சற்று வீங்கிச் சூடாக இருக்கிறது. வலி அதிகமில்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை என்றார்கள். தட்டைப் பாதம் முழங்காலையும் முதுகெலும்பையும் கெடுத்துவிடும் என்று காணொளியில் பார்த்து, இணையத்தில் ஆர்ச் சப்போர்ட் (பாத வளைவைத் தாங்கும் மேடு) வாங்கிச் செருப்புக்குள் வைத்திருக்கிறேன். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையும் கல் உப்பு போட்ட வெந்நீர் ஒத்தடமும் தொடர்கின்றன. என் அண்ணனுக்குச் சர்க்கரையால் காலை எடுத்தார்கள். எனக்கு எந்த வகைத் தாங்கி சரியாக இருக்கும்? கார்த்திகைக்குக் கிரிவலம் போகலாமா?
— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, எந்தத் தாங்கி என்ற கேள்வியைச் சில மாதங்களுக்குத் தள்ளி வையுங்கள். இதைப் படித்து முடித்ததும் வலது காலை ஊன்றி நடப்பதை நிறுத்திவிட்டு, நாளைக்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பார்க்கும் மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ வண்டியில் சென்று சேருங்கள். நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்கு ஒரு பாதம் மட்டும் புண் ஏதுமின்றிச் சூடாக வீங்கினால், அது வேறு நோய் என்று உறுதியாகும்வரை ஷார்கோ பாதம் (மரத்த பாதத்தின் எலும்புகள் வலி தெரியாமலே நொறுங்கும் நோய்) என்றே கருதிச் சிகிச்சையைத் தொடங்குவது எங்கள் வழக்கம். பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பது, பாதத்தின் நரம்புகள் மரத்துவிட்டதற்கு அடையாளம். வலி அதிகமில்லை என்று ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தந்த வரி அதுதான்.

ஷார்கோ என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர், முதுகுத்தண்டு நரம்பு கெட்டவர்களின் மூட்டுகள் வலியில்லாமலே நொறுங்குவதை 1868இல் விவரித்தார். அதே கோளாறு சர்க்கரை நோயாலும் வரும் என்பது 1936இல் பதிவாயிற்று. அது நிகழும் விதத்தை அறிய, நடையில் பாதம் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். குதிகால் தரையைத் தொடும்போது பாதம் தளர்ந்து கொடுத்து, மேடுபள்ளத்துக்கு ஏற்ப அமைகிறது. அதே பாதம், உடல் முன்னே சாய்ந்து குதிகால் எழும்பும் நொடியில், இறுகி ஒரு நெம்புகோலாகிறது. அந்த நொடியில் கெண்டைக்கால் தசைநார் குதிகாலை மேலே இழுக்க, விரலடி மேடு தரையில் அழுந்த, உடலின் எடையைவிடக் கூடுதலான விசை பாதத்தின் நடு எலும்புகளை வளைக்கப் பார்க்கிறது. உணர்வுள்ள பாதத்தில் அங்கே ஒரு சிறு விரிசல் விழுந்தாலும் அடுத்த அடியிலேயே நொண்டத் தொடங்கிவிடுவோம். அந்த நொண்டல்தான் எலும்புக்குக் கிடைக்கும் ஓய்வு. மரத்த பாதத்தில் நொண்டல் வராது. நாள் முழுவதும் அடுப்படியில் நிற்கும் உங்களைப் போன்றவர், விரிசல் கண்ட எலும்பின் மேலேயே ஆயிரக்கணக்கான அடிகளை எடுத்து வைப்பார். ஒவ்வோர் அடியும் அழற்சியைக் கூட்டுகிறது; அழற்சி எலும்பைக் கரைத்து மென்மையாக்குகிறது; மென்மையான எலும்பு இன்னும் எளிதாக உடைகிறது. இப்படியே விட்டால் பாதத்தின் நடுப்பகுதி கீழே இறங்கி, தோணியின் அடிப்பாகம்போல் புடைத்துவிடும்.

அந்த வளைவு விழுவதற்கு முன், சூடும் வீக்கமும் மட்டுமே இருக்கும் நிலையில் எக்ஸ்ரே பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆகவே உங்கள் எக்ஸ்ரேயை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் எலும்புக்குள் நீர் கோத்திருப்பது முன்கூட்டியே தெரியும். அந்த வசதி இல்லாத ஊரில் இரண்டு மூன்று வாரங்கள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கலாம், ஆனால் அதுவரை காலை ஊன்றாமல் இருக்க வேண்டும். வீட்டில் நீங்கள் பார்க்கக்கூடியது சூட்டை மட்டுமே. புறங்கையை முதலில் இடது பாதத்தின் மேலும் பிறகு வலது பாதத்தின் அதே இடத்திலும் வைத்துப் பாருங்கள். தோல் வெப்பமானியில் இரண்டுக்கும் 2 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால் அதை நாங்கள் பொருட்படுத்துவோம். வீங்கிய பாதத்தில் புண் இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அப்போது நாளைவரைகூடக் காத்திருக்கக் கூடாது. வீக்கம் கெண்டைக்கால்வரை ஏறியிருந்தால் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசரம்.

நீங்களாகச் செய்துகொண்டிருக்கும் வைத்தியத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மருந்துக் கடையில் இதற்குப் பொதுவாகக் கொடுக்கும் வலி மாத்திரைகள், 14 ஆண்டுச் சர்க்கரையால் ஏற்கெனவே களைத்திருக்கக்கூடிய சிறுநீரகத்தைக் கெடுப்பவை. மிச்சமிருக்கும் சிறிதளவு வலியையும் மறைத்து உங்களை நடக்கவும் வைக்கும். வெந்நீரின் சூடு எவ்வளவு என்று மரத்த பாதம் சொல்லாது. ஒத்தடம் கொடுத்துத் தோல் வெந்து, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்த பிறகே வருகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அந்த ஆர்ச் சப்போர்ட்டையும் இன்றே எடுத்துவிடுங்கள். உணர்வுள்ளவருக்கு அது உறுத்தினால் கழற்றி எறிவார். உங்கள் பாதமோ உறுத்தலை அறியாது. கீழிறங்கத் தொடங்கியிருக்கும் எலும்பைக் கீழிருந்து ஒரு கடினமான மேடு அழுத்தினால், இரண்டுக்கும் நடுவில் நசுங்குவது தோல்.

தட்டைப் பாதம், முழங்கால் சத்தம் இரண்டையும் மறந்துவிடுங்கள். பிறந்ததிலிருந்து இருக்கும், வலிக்காத, நுனிக்காலில் நின்றால் வளைவு தோன்றும் தட்டைப் பாதம் ஓர் அமைப்பே தவிர நோயன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உங்களைச் சுமந்திருக்கிறது. அதைச் சோதிக்கிறேன் என்று இப்போது நுனிக்காலில் நின்றுவிடாதீர்கள். வலியும் வீக்கமும் இல்லாத முழங்கால் சத்தத்துக்கு மருத்துவம் எதுவும் தேவையில்லை. காலை நேரக் குதிகால் வலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணனுக்கு எதனால் காலை எடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உண்மையில் நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஷார்கோ பாதம் தானாகக் காலைக் கொண்டுபோவதில்லை. புடைத்த எலும்பின் கீழ்த் தோலில் புண் விழுந்து, அதைக் கவனியாமல் நடந்து, கிருமி எலும்புவரை இறங்கும்போதுதான் அந்த நிலை வருகிறது. நீங்களோ அந்த வரிசையின் முதல் படியில், தோல் கிழியாமல் இருக்கிறீர்கள். இங்கேயே நிறுத்த முடியும்.

நிறுத்துவது மாவுக்கட்டு. முழங்காலுக்குக் கீழிருந்து விரல்வரை, பாதத்தோடு இடைவெளியின்றிப் படிந்து போடப்படும் இந்தக் கட்டு, ஓரிடத்தில் குவியும் எடையைப் பாதம் முழுவதற்கும் கணுக்காலுக்கு மேலும் பகிர்ந்துவிடுகிறது. கணுக்கால் அசையாததால் நெம்புகோல் வேலையும் நின்றுபோகிறது. மரத்த பாதத்துக்கு இந்த முறையைப் பரவலாக்கியவர்களுள் முக்கியமானவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீரமைத்த பால் பிராண்ட். வீக்கம் வற்ற வற்றக் கட்டு தளரும் என்பதால் ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரு பாதங்களின் சூடும் சமமாகும்வரை, பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கு மேலும் கட்டு இருக்கும். கட்டுப் போட்ட கால் உயர்ந்துவிடுமாதலால் இடது செருப்பின் அடியிலும் அதே அளவு உயரம் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இடுப்பு வலிக்கும். கூடுதல் எடையைச் சுமக்கும் இடது பாதத்தையும் தினமும் பாருங்கள்.

தாங்கிக்கு அதன் பிறகே இடம். கடையில் எண் சொல்லி வாங்குவது உங்களுக்குப் பயன்படாது. பாதத்தின் அச்செடுத்து, மென்மையான அடுக்குகளால் அழுத்தம் சீராகப் பரவும்படி தாங்கி நிபுணர் செய்து தர வேண்டும். சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தில் தாங்கிகள் செய்கிறார்கள். உங்கள் பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள். பாதம் வளையாமல் குணமானால், பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பே பலருக்குப் போதும். புதிய காலணியை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் தோன்றும் சிவப்புத் தடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால், அணியாமல் திரும்பக் கொண்டுபோய்த் திருத்தச் சொல்லுங்கள்.

கிரிவலம் இந்த ஆண்டு கிடையாது. 14 கிலோமீட்டரை வெறுங்காலோடு சுற்றுவது மரத்த பாதத்துக்கு எந்த ஆண்டிலும் ஆகாது. மாவுக்கட்டோடு ஆட்டோவில் சுற்றி வர எனக்கு மறுப்பில்லை. இறங்கி வரிசையில் மட்டும் நிற்காதீர்கள்.