கோல்ஃப் ஆட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. 9 டிகிரி ஸ்டிஃப் டிரைவர் வாங்கலாமா, 10.5 ரெகுலர் போதுமா?

தருமபுரியிலிருந்து வார இறுதியில் ஓசூர் வந்து ஆடுவதாகவும், டிரைவர் எடுத்தாலே பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவதாகவும், "ஸ்டிஃப்பாகவே எடு, இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மாற்ற வேண்டிவரும்" என்று நண்பர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நண்பரை நான் பார்த்ததில்லை, ஆனால் நன்றாகத் தெரியும். எல்லா மைதானத்திலும் ஒருவர் இருக்கிறார்.

என் பதில்: 10.5-ஐயும் தாண்டுங்கள். 12 டிகிரி கிடைத்தால் அதை எடுங்கள். ஷாஃப்ட் ரெகுலர். (கோல்ஃபுக்குப் புதியவர்களுக்கு: டிரைவர் என்பது தூரமாக அடிக்கும் மட்டை. டிகிரி என்பது லாஃப்ட், அதாவது அதன் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம். ஷாஃப்ட் என்பது தண்டு. ரெகுலர் கொஞ்சம் வளையும், ஸ்டிஃப் விறைப்பாக இருக்கும்.)

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பவர்கள் வருவார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சியாளர் இல்லை, சான்றிதழ் எதுவும் கிடையாது. ஐடிஐ முடித்துவிட்டு வேலை கிடைக்கும் வரை ஓசூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் கூடவே போய்ப் பை தூக்கியவன். இப்போது சிப்காட்டில் சிஎன்சி மிஷினில் இருக்கிறேன். பழைய செட் ஒன்று வைத்துக்கொண்டு முடிந்தபோது ஆடுகிறேன். பந்து எங்கே விழும் என்று அடிப்பவரைவிடக் கேடிக்கு முன்னாடியே தெரியும். தேடப் போகிறவன் அவன்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். டிவியில் நாம் பார்க்கிற ஆட்டக்காரர்கள் கிளப்பை (மட்டையை) சுழற்றும் வேகம் சராசரியாக மணிக்கு 115 மைல் அளவில் இருக்கும். வாரம் ஒருமுறை ஆடும் சாதாரண ஆண்களுக்கு அது 90-ஐ ஒட்டித்தான் இருக்கும், புதிதாக வந்தவர்களுக்கு அதற்கும் கீழே. அந்த வேகத்தில் 9 டிகிரியால் அடித்தால் பந்து மேலே எழும்புவதற்குள் தரைக்கு வந்துவிடும். வேகம் இல்லாதவனுக்கு உயரம்தான் தூரம். 95-க்குக் கீழே இருப்பவர்கள் 10.5-லிருந்து 12 வரை போகலாம், 85-க்கும் கீழே என்றால் கண்ணை மூடிக்கொண்டு 12. நூறைத் தாண்டியவர்கள் 9, 9.5 பற்றி யோசிக்கட்டும்.

உங்கள் ஸ்லைஸுக்கும், அதாவது பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவதற்கும், இதில் சம்பந்தம் உண்டு. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடிபடும் கணத்தில் டிரைவரின் முகம் எங்கே பார்க்கிறது என்பது. அப்புறம் அது எப்படி வளைகிறது என்பது, முகத்துக்கும் உங்கள் ஸ்விங் போகும் பாதைக்கும் எவ்வளவு விலகல் என்பதைப் பொறுத்தது. அதே விலகலோடு லாஃப்ட் குறைந்த கிளப்பில் அடித்தால் வளைவு அதிகம். லாஃப்ட் கூடினால் பின்சுழற்சி கூடும், வளைவு குறையும். அதனால்தான் டிரைவரைவிட லாஃப்ட் கூடிய 3 நம்பர் மரம் (வுட் என்ற மட்டை) உங்களுக்கு நேராகப் போகிறது, டிரைவர் போகமாட்டேன் என்கிறது.

இனி எங்கள் ஜிஎம் கதை. இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு கோல்ஃப் பழகியவர். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் இருக்கும் பையன் லீவுக்கு வந்தபோது புத்தம் புது டிரைவர் ஒன்று வாங்கிவந்து கொடுத்தான். 9 டிகிரி, எக்ஸ்ட்ரா ஸ்டிஃப், சாதாரணத்தைவிட நீளமான ஷாஃப்ட். பையன் காலேஜில் ஆடியவன், தன் கைக்கு எது நன்றாக இருந்ததோ அதையே அப்பாவுக்கும் வாங்கிவிட்டான். அன்றிலிருந்து ஜிஎம் அடித்த பந்தெல்லாம் வேலி தாண்டி ரோஜாத் தோட்டத்தில் போய் விழுந்தது. பசுமைக்குடில் பாலித்தீன் கிழிந்தால் யார் காசு கொடுப்பது என்று தோட்டக்காரர் ஒருநாள் மைதானத்துக்கே வந்து சத்தம் போட்டார்.

நான் முன்பு கேடியாக இருந்தது கம்பெனியில் யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தடித்துப் பழகும் ரேஞ்சில், அடிக்க நிற்கும் பாய் இரண்டு தள்ளி நான் நின்றிருந்தேன். அவர் பார்த்துவிட்டார். "என்னப்பா, நீ இங்க?" என்றார். அந்த "நீ இங்க"வில் என்னென்ன இருந்தது என்பது உங்களுக்குப் புரியும். சும்மா பழகிக்கொண்டிருக்கிறேன் சார் என்றேன். அவர் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல், "சார், அந்த முகத்துல கொஞ்சம் சாக்பீஸ் தடவட்டுமா?" என்று கேட்டேன்.

இது கேடிகளின் பழைய வேலை. முகத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு நாலைந்து பந்து அடித்தால் எந்த இடத்தில் படுகிறது என்று அச்சாகத் தெரியும். அவருடையது ஒன்றுகூட நடுவில் இல்லை. பெரும்பாலானவை ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் சேரும் பக்கம். அந்தப் பக்கம் பட்டால் பந்துக்கு ஸ்லைஸ் சுழற்சி இன்னும் கூடும். ஏற்கெனவே முகம் திறந்து, அதாவது வலப்பக்கம் பார்த்து வருகிறது, இது அதன் மேல் இன்னொன்று. கிரிப்பில் ஒரு அங்குலம் கீழே பிடிக்கச் சொன்னேன். அச்சு கொஞ்சம் நடுவுக்கு வந்தது. அப்புறம் என் பழைய 12 டிகிரி ரெகுலரைக் கொடுத்தேன். பந்தை நிறுத்தும் குச்சியான டீயையும் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன், பந்தில் பாதி டிரைவரின் தலைக்கு மேலே தெரிகிற மாதிரி. முதல் பந்து சரியில்லை. அடுத்தது நேராகப் போனது. அதற்கு அடுத்ததும். மனிதர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவர் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை என்பதல்ல என் வருத்தம். சொன்னார், டீ கூட வாங்கிக் கொடுத்தார். ஆனால் சில வாரம் கழித்து அதே மாதிரி 12 டிகிரி ஒன்று வாங்கியவர், கேன்டீனில் நாலு பேர் நடுவில், "பெங்களூர்ல ஒரு ஃபிட்டிங் ஸ்டுடியோ, கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொன்னான்" என்றார். நான் பக்கத்து மேஜையில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சரி, போகட்டும்.

ஆளுக்கு ஏற்ற கிளப்பை அளந்து தேர்வுசெய்யும் ஃபிட்டிங்கையே மட்டம் தட்டுகிறான் என்று நினைக்காதீர்கள். ராடார் வைத்து வேகம், ஏவுகோணம், சுழற்சி எல்லாம் அளப்பது நல்ல விஷயம், காசு இருந்தால் போய் வாருங்கள். போனால் உங்கள் சொந்தப் பந்தைக் கொண்டுபோங்கள், ரேஞ்ச் பந்து சரியான எண்ணைக் காட்டாது. அங்கே போனதும் வீரம் வந்து வழக்கத்தைவிட வேகமாகச் சுழற்றாதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், மிஷினும் அந்த வீரத்துக்கு ஏற்ற ஷாஃப்ட்டைக் காட்டிவிடுகிறது.

ஷாஃப்ட் பற்றி: ஸ்டிஃப், ரெகுலர், சீனியர் என்று எழுதியிருப்பதற்குப் பொதுவான தரநிர்ணயம் கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொரு கம்பெனியின் ஸ்டிஃப் மாதிரி இருக்கும். தோராயமாக, 75 மைலுக்குக் கீழே சீனியர், 95 வரை ரெகுலர், அதற்கு மேல் ஸ்டிஃப், 105-ஐத் தாண்டினால் எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். வேகம் அளக்க வழியில்லை என்றால் 7 நம்பர் அயர்ன் என்ற மட்டையை வைத்துப் பாருங்கள். அதில் அடித்த பந்து காற்றிலேயே 140 கெஜம் தாண்டாதவருக்கு ஸ்டிஃப் எதற்கு? உங்கள் கைக்கு ஒவ்வாத ஷாஃப்ட்டை வாங்குவது, மெட்டீரியல் என்னவென்று பார்க்காமல் மிஷினில் ஃபீட் (வெட்டும்போது நகரும் வேகம்) வைக்கிற மாதிரி. சீனியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வெட்கப்படுகிறவர்கள் ஏராளம். அந்த எழுத்து தெரியாதபடி ஷாஃப்ட்டைத் திருப்பி ஒட்டிக்கொண்ட ஒருவரையும் பார்த்திருக்கிறேன். பந்துக்குப் படிக்கத் தெரியாது.

நீளமும் பாருங்கள். கடையில் வருவது பெரும்பாலும் 45.5 அங்குலம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். விதிப்படி 48 வரை போகலாம். தொழில்முறைப் போட்டிகளில் 2022 முதல் 46-க்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்தும் உள்விதியும் வந்துவிட்டது. நீளம் கூடினால் வேகம் கொஞ்சம் கூடும், நடுவில் படுவது குறையும். வாங்குவதற்கு முன் ஒரு அங்குலம் கீழே பிடித்து அடித்துப் பாருங்கள், செலவே இல்லாத சோதனை. அது உங்களுக்குச் சரியாக வந்தால் குட்டை ஷாஃப்டாகவே கேளுங்கள். இருப்பதை வெட்டினால் தலை லேசாகத் தெரியும், ஷாஃப்ட்டும் விறைப்பாகும்.

தலையில் எழுதியிருக்கும் டிகிரியையும் அப்படியே நம்பாதீர்கள். எண்ணுக்கும் உண்மைக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம். மைக்ரான் கணக்கில் வேலை செய்கிறவனுக்கு இது எரிச்சலாக இருக்கும், ஆனால் அப்படித்தான். திருகி மாற்றும் வசதி உள்ள டிரைவர் என்றால் லாஃப்ட்டைக் கூட்டும்போது முகமும் கொஞ்சம் மூடும். வலக்கைக்காரருக்கு அது ஸ்லைஸுக்கு மருந்து. நகர்த்தும் எடை இருந்தால் அதை ஹீல் பக்கம் தள்ளுங்கள்.

ஸ்விங்கைச் சரிசெய்யாமல் கிளப்பை மாற்றி என்ன பயன் என்று ஒருவர் கருத்து போடப் போகிறார். சரிதான் ஐயா, பயிற்சியாளரிடமும் போகட்டும். ஆனால் தப்பான கிளப்போடு பழகினால், அதற்கு ஈடுகொடுக்கக் கை தானாக ஒரு கோணலைக் கற்றுக்கொள்ளும். பிறகு அந்தக் கோணலை எடுக்க வேறு காசு கட்ட வேண்டும்.

புதுசு வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். பெரிய கம்பெனிகளின் புது மாடல் அரை லட்சத்துக்கு மேல் போகிறது. ஒவ்வொரு வருடமும் பத்து கெஜம் கூடுதல் என்று விளம்பரம் வருகிறது. தலையின் கொள்ளளவு 460 கன சென்டிமீட்டர் தாண்டக்கூடாது, முகத்தின் ஸ்பிரிங் தன்மை குறிப்பிட்ட அளவுக்கு மேல் போகக்கூடாது என்று இருபது வருடத்துக்கு முன்பே விதி வந்துவிட்டது. பிறகு எங்கிருந்து வருடம் பத்து கெஜம் வருகிறது? நடுவில் படாத அடியை மன்னிக்கும் குணம் கூடியிருக்கிறது, அது உண்மை. அதற்கு நாலைந்து வருடப் பழைய மாடலே போதும். 1991-இல் வந்த காலவே கம்பெனியின் பிக் பெர்த்தா டிரைவரின் தலை 190 கன சென்டிமீட்டர்தான், அதையே அன்று பெரியது என்று வியந்தார்கள். அதற்கு முன்னால் நிஜ மரம். பெர்சிமன் என்ற அந்த மரம் எபோனிக் கருங்காலிக்கு உறவு. இன்று அந்தத் தலைகளில் ஒன்று நம் ஊரில் கிடைத்தால் யாராவது மணியாகக் கடைந்து மாலையாக்கி விற்றுவிடுவார்கள்.

ஓசூரில் போகும் தூரத்தை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். இங்கே உயரம் கிட்டத்தட்ட மூவாயிரம் அடி, காற்று லேசு. சென்னையில் போவதைவிட நூற்றுக்கு மூன்று கெஜமாவது கூடப் போகும். ஜிஎம் சென்னைக்குப் போய் ஆடிவிட்டு வந்து டிரைவர் பழுதாகிவிட்டதோ என்று கேட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் தருமபுரிக்காரர், ரயிலில் பையை வைத்துக்கொண்டு ஓசூர் வந்துவிடலாம். எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வீடு கிருஷ்ணகிரியில். மாவட்டத் தலைநகரம், ஆனால் ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து சின்ன ரயில் வந்துகொண்டிருந்தது, இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓசூர், ஜோலார்பேட்டை என்று பாதை போடுகிறார்கள், பேச்சில். நான் கோல்ஃப் பையோடு பஸ் ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுகிறார். அது அவர் வேலை, சரி. "உள்ள துப்பாக்கியா?" என்று ஒருவர் கேட்டதும் நடந்தது. கோல்ஃப் பணக்காரன் விளையாட்டு என்று கருத்து எழுதுகிறவர்கள் ஒருமுறை அந்தப் பையோடு காலை பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து பார்க்கட்டும். எதற்காக இதையெல்லாம் சொல்கிறேன் என்று தெரியவில்லை, ஆனால் சொல்லியாகிவிட்டது.

செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது போலி மேல் கவனமாக இருங்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அது போலி. ஷாஃப்ட் சேரும் கழுத்தில் சீரியல் எண் இருக்கிறதா, எழுத்து ஆழமாகச் சுத்தமாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தலையை ஆட்டினால் உள்ளே ஏதாவது கடகடக்கிறதா, மேல்பகுதியில் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிரிப் தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம், மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் இடக்கைக்காரர் என்றால் இந்தச் செகண்ட்ஹேண்ட் யோசனை அவ்வளவாக உதவாது. இடக்கை டிரைவர் இந்தப் பக்கம் அபூர்வம், பெங்களூரில் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். கேள்வியில் நீங்கள் அதைச் சொல்லவில்லை. வலப்பக்கம் வளைகிறது என்பதால் வலக்கை என்று நானே வைத்துக்கொண்டேன். இடக்கை என்றால் அது ஸ்லைஸ் இல்லை, அதற்கு எதிரான வளைவான ஹூக். அதற்கு மேலே சொன்ன எடை, திருகு விஷயம் எல்லாம் தலைகீழ். கருத்தில் எழுதுங்கள், பார்க்கலாம்.