அக்கா போன வீட்டுக்குத் தங்கை

அன்புள்ள ஐயா,

விக்டோரியா காலத் திருமணங்களைப் பற்றிய கட்டுரையில், இறந்த மனைவியின் தங்கையை மணக்க இங்கிலாந்தில் தடை இருந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் அப்பாயி தாத்தாவுக்கு இரண்டாம் தாரம். அக்கா பிரசவத்தில் இறந்துபோக, கைக்குழந்தையை வளர்க்க ஆள் வேண்டுமென்று அவரைக் கட்டிவைத்தார்கள். பெண்ணை இப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதான் அங்கே தடுத்தார்களா?

ஆர். எம்.

அன்புள்ள ஆர். எம்.,

இல்லை. பெண்ணின் சம்மதத்தை நினைத்துப் போட்ட தடை அல்ல அது. முறை பார்த்துப் போட்ட தடை.

கணவனும் மனைவியும் ஓருடல் என்பது திருச்சபையின் கொள்கை. அப்படியென்றால் அவள் தங்கை அவனுக்கும் தங்கைதான். யார் யாரை மணக்கக் கூடாது என்று 16ஆம் நூற்றாண்டில் பேராயர் பார்க்கர் தயாரித்த பட்டியல் தேவாலயங்களில் தொங்கியது. மனைவியின் சகோதரி அதில் உண்டு, மாமன் மகளும் அத்தை மகளும் இல்லை. விக்டோரியாவின் அம்மாவும் ஆல்பர்ட்டின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். அதாவது 1840இல் அரசி கட்டிக்கொண்டது தாய்மாமன் மகனை. அதற்கு முந்தைய ஆண்டு சார்லஸ் டார்வின் மணந்த எம்மாவும் அவருக்குத் தாய்மாமன் மகள்தான். நமக்குப் பழகிய முறை அவர்களுக்கும் ஆகியிருக்கிறது. கொழுந்தியாள் மட்டும் ஆகவில்லை.

1835 வரை இதில் ஓர் இடைவெளி இருந்தது. தம்பதி இருவரும் உயிரோடு இருக்கும்போது யாராவது திருச்சபை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால்தான் திருமணம் செல்லாமல் போகும். பியூஃபோர்ட் கோமகன் இறந்துபோன தன் முதல் மனைவியின் சகோதரியை (தாய் ஒருவர், தந்தை வேறு) மணந்திருந்தார். மகனுடைய வாரிசுரிமை என்னாகுமோ என்ற கவலை. அந்த ஆண்டு லிண்ட்ஹர்ஸ்ட் பிரபு கொண்டுவந்த சட்டம், அதுவரை நடந்தவற்றைக் காப்பாற்றியது. இனி நடப்பவை அடியோடு செல்லாது என்றும் சொல்லிவிட்டது. ஒரு பிரபு குடும்பத்தின் சிக்கல் தீர்ந்தது, மற்ற எல்லோருக்கும் கதவு மூடியது.

பிரசவத்தில் பெண்கள் அடிக்கடி இறந்த காலம் அது. திருமணமாகாத தங்கை வந்து பிள்ளைகளை வளர்ப்பது அங்கும் இயல்புதான். அவள் ஒருபோதும் மனைவியாக முடியாது என்றால்தான் ஊர்வாய்க்கு அஞ்சாமல் அந்த வீட்டில் இருக்க முடியும் என்று தடையை ஆதரித்தவர்கள் வாதாடினார்கள். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அவளுக்கு, உரிமை ஒன்றும் கிடையாது. ஏழைகள் முகம் தெரியாத ஊர்த் தேவாலயத்துக்குப் போய் மணந்துகொண்டார்கள். வசதியுள்ளவர்கள் கடல் கடந்தார்கள். டென்மார்க்கில் நடந்த அப்படியொரு திருமணம் இங்கிலாந்தில் செல்லாது என்று 1861இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நாடாளுமன்றத்தின் மேலவையான அதுதான் அன்று உச்ச நீதிமன்றமும். பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்களானார்கள்.

உங்கள் அப்பாயியிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்பதை நீங்கள் வீட்டில் விசாரிக்கத்தான் வேண்டும். அவரை நேரில் கேட்க முடியுமென்றால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு இதில் மறக்க முடியாதவர் ஈடித். ஓவியர் ஹோல்மன் ஹண்டின் மனைவி ஃபேனி, திருமணமாகி ஓராண்டில், 1866இல், பிரசவத்துக்குப் பின் ஃபுளோரன்ஸில் இறந்தார். அவருடைய தங்கைதான் ஈடித். இருவரும் மணக்க விரும்பியபோது வீட்டார் கொதித்தார்கள். இன்னொரு சகோதரியை மணந்திருந்த சிற்பி தாமஸ் வுல்னர் ஹண்டுடன் உறவையே முறித்துக்கொண்டார். 1875இல் சுவிட்சர்லாந்துக்குப் போய் மணந்துகொண்டார்கள். ஊர் திரும்பிய பிறகு சட்டத்தின் கண்ணில் ஈடித் மனைவி இல்லை.

தடையை நீக்கும் மசோதாக்கள் 1842 முதல் திரும்பத் திரும்ப வந்தன. ஆயர்கள் அமர்ந்திருந்த பிரபுக்கள் சபை அவற்றைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தது. 1907 ஆகஸ்டில்தான் நிறைவேறியது. ஏற்கெனவே நடந்த திருமணங்களுக்கும் அது பொருந்தும் என்றார்கள். ஈடித் சட்டப்படி மனைவியானபோது ஹண்டுக்கு 80 வயது.