விமானத்துக்கான ஒளிச் சில்லு: கோத்தகிரி அப்பாவுக்குப் பதில்

வணக்கம். பச்சைத் தேயிலை விலை ஏறி இறங்குவதற்கு நடுவே மகளைப் படிக்க வைக்கிறீர்கள். அவளோ பிளஸ் டூ முடித்ததும் விமானத்துக்கான போட்டோனிக் சிப்தான், அதாவது ஒளியால் தகவல் கடத்தும் சில்லுதான் படிப்பேன் என்கிறாள். சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும், ஆனால் படிப்புக்குக் கூடுதல் வருஷங்கள் ஆகும்.

விமானத்துக்குள் கணினிகள் பேசிக்கொள்வது இன்றும் பெரும்பாலும் செம்புக் கம்பியில்தான். ஏ380 விமானத்தில் ஏறக்குறைய 500 கி.மீ. வயர் இருக்கிறது. ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபர் எடை குறைவு, மின்காந்த இரைச்சலும் அதை அண்டாது. அதில் ஒளியை உண்டாக்கும் லேசர், ஒளியில் தகவலை ஏற்றும் மாடுலேட்டர், வந்த ஒளியை மின்சாரமாக மாற்றும் டிடெக்டர் ஆகியவற்றை ஒரே சில்லில் அடக்குவதைத்தான் அவள் சொல்கிறாள். சிலிக்கான் சில்லில் ஒளி ஓடும் பாதை சுமார் 500 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரம். சூடு ஒரு டிகிரி ஏறினாலே அதிலுள்ள ரிங் ரெசனேட்டர் (குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் பிடிக்கும் சின்ன வளையம்) பிடிக்கும் அலைநீளம் சுமார் 0.08 நானோமீட்டர் நகர்ந்துவிடும். ஓடுதளத்து வெயிலும் உயரத்துக் குளிரும் மாறி மாறிப் படும் இடத்தில் இது பெரிய தலைவலி. ஆராய்ச்சியாளருக்கு வேலை இருப்பதும் அங்கேதான்.

ஆனால் இந்தச் சில்லுகளை இன்று வாங்கிக் குவிப்பவை டேட்டா சென்டர்கள். விமானம் சின்னச் சந்தை. அதனால் விமான ஆசையை வைத்து ஏரோநாட்டிக்கலில் சேர்த்துவிடாதீர்கள், அங்கே இறக்கையும் இன்ஜினும்தான் பிரதானம். ஈசிஇ (மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல்) எடுக்கட்டும். கோவை அரசு பொறியியல் கல்லூரியான ஜிசிடியில் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். போட்டோனிக்ஸ் கசந்தாலும் விஎல்எஸ்ஐ (மின்னணுச் சில்லு வடிவமைப்பு), டெலிகாம் என்று போக இடம் இருக்கும். இயற்பியல்தான் பிடிக்கும் என்றால், கொச்சிப் பல்கலைக்கழகமான குசாட்டில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்எஸ்சி போட்டோனிக்ஸ் இருக்கிறது.

சில்லு வடிவமைப்பு வேலைக்கு வெறும் பிஇ பெரும்பாலும் போதாது. எம்டெக் வேண்டும், பல இடங்களில் பிஎச்டி கேட்பார்கள். சென்னை ஐஐடியில் இதற்கென்றே சிலிக்கான் போட்டோனிக்ஸ் மையம் இருக்கிறது. கேட் (GATE) என்ற நுழைவுத்தேர்வு எழுதி எம்டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, அந்தச் செலவு முழுக்க உங்கள் தலையில் விழாது.

அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியா? அப்படியானால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள், அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அப்புறம், பிளஸ் டூ இயற்பியலில் அலை ஒளியியல் பாடத்தை ரசித்துப் படிக்கிறாளா, மார்க்குக்காகப் படிக்கிறாளா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மார்க்குக்காகத்தான் என்றாலும் ஈசிஇயில் சேரட்டும், போட்டோனிக்ஸை மூன்றாம் வருஷத்தில் முடிவு செய்துகொள்ளலாம்.