அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான உளவளத்துணைக் குழு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: மகனுக்கு 28 வயது, டவுன் சின்ட்ரோம். மூன்று மாதமாக யாருடனும் பேசுவதில்லை. உளவளத்துணைக் குழுவில் சேர்த்தால் சரியாகுமா? (வெள்ளவத்தை)

ப: முதலில் உடம்பைப் பாருங்கள். பல், காது, மலச்சிக்கல், தைரொயிட். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைரொயிட் குறைவது சகஜம். அதுவே ஆளை முடக்கிப் போட்டுவிடும். இரத்தப் பரிசோதனை முடியட்டும், அப்புறம் குழு.

கே: ஒரு குழுவில் எத்தனை பேர்? (கொட்டாஞ்சேனை)

ப: ஆறு முதல் எட்டு. நடத்த இருவர். ஒரு மணித்தியாலம், நடுவில் பிளேன்டீக்கு ஓய்வு. அதே அறை, அதே கிழமை. தமிழில் நடக்குமா என்று முன்பே கேளுங்கள். வீட்டில் பேசாத மொழியில் கவலையைச் சொல்லச் சொல்வது கொடுமை.

கே: அண்ணாவுக்குக் கோபம் அதிகம். எந்த மருந்து நல்லது? (தெஹிவளை)

ப: வயது இல்லை, எப்போதிருந்து என்றில்லை, இப்போது என்ன குளிசை எடுக்கிறார் என்றும் இல்லை. இதை வைத்து யாரும் மருந்து சொல்லக் கூடாது. சொல்லத் தெரியாத வலியும் கோபமாக வரும். பல்லையும் வயிற்றையும் டொக்டரிடம் காட்டினீர்களா? அதை முதலில் செய்யுங்கள்.

கே: அம்மா போன வருடம் தவறிவிட்டார். தம்பிக்கு (41) அறிவுசார் குறைபாடு. தாங்கமாட்டான் என்று, கனடாவுக்கு அக்காவிடம் போயிருப்பதாகச் சொன்னோம். இப்போது தினமும் கேட்டடியில் நிற்கிறான், தட்டை எறிகிறான். குழுவுக்கு அனுப்பவா? (மட்டக்குளி)

ப: அனுப்புங்கள், ஆனால் உண்மையைச் சொன்ன பிறகு. இந்தக் கடிதம் எனக்கு ஊர் மாறி ஊர் மாறி வந்துகொண்டே இருக்கிறது. 41 வருடம் கூட இருந்த அம்மா சொல்லாமல் போய்விட்டார் என்றுதானே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்? தட்டு பறப்பதைக் குறைபாட்டின் கணக்கில் எழுதாதீர்கள், அது துக்கம். "சாமியிடம் போய்விட்டார்" என்றால் திரும்பி வருவார் என்றுதான் காத்திருப்பார். "அம்மா செத்துப்போய்விட்டார், இனி வரமாட்டார்" என்று நேராகச் சொல்லுங்கள். ஒரு தடவை போதாது, கேட்கும்போதெல்லாம் சொல்லுங்கள். அம்மாவின் கண்ணாடியையும் ஒரு படத்தையும் அவர் கையில் கொடுங்கள். திவசத்தில் விளக்கை அவரே ஏற்றட்டும். குழுவுக்கு அந்தக் கண்ணாடியையும் கொண்டுபோகட்டும். பேச்சு வராதவர்கூட அதைக் காட்டித் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுவார். சாகவேண்டும் என்று சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்தினாலோ காத்திருக்க வேண்டாம்: தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

கே: குழுவில் மகள் என்ன பேசினாள் என்று சொல்ல மறுக்கிறார்கள். (பம்பலப்பிட்டி)

ப: சரியாகத்தான் செய்கிறார்கள். அவள் உயிருக்கு ஆபத்து, யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றால் சொல்வார்கள். மற்றது அவளுடையது.